சுருளில் எழுதியதும் எழுதாததும்: எஃப். டபிள்யூ. மெய்ட்லண்டின் வழி

ஓர் ஆள் வயலோரத்தில் செத்துக் கிடக்கிறான். முதலில் பார்த்தவர் யார்? சுற்றியுள்ள ஊரார் யார்மீதாவது ஐயப்படுகிறார்களா? செத்தவன் ஆங்கிலேயன்தான் என்று உறவினர் வந்து மெய்ப்பித்தார்களா? மெய்ப்பிக்கவில்லை என்றால் அந்த வட்டாரமே தண்டம் கட்ட வேண்டும். வண்டி ஏறிச் செத்திருந்தால் வண்டியின் மதிப்பு என்ன? அந்தத் தொகை அரசருக்குச் சேரும். பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சென்று விசாரித்த அரச நீதிபதிகளின் எழுத்தர், இவ்வளவையும் நான்கைந்து வரியில், சுருக்கக் குறிகள் நிறைந்த லத்தீனில், ஆட்டுத்தோலில் எழுதி வைத்தார். அந்தத் தோல்களைத் தலைப்பக்கம் சேர்த்துத் தைத்துச் சுருட்டினார்கள். அறுநூறு ஆண்டுக்கும் மேலாகப் பெரும்பாலான சுருள்கள் விரிப்பாரின்றிக் கிடந்தன.

இங்கிலாந்தின் சட்ட வரலாறு அந்தச் சுருள்களுக்குள் இருக்கிறது என்று சொல்லி, அவற்றைப் படித்து, அச்சிட்டு, அவற்றின்மேல் ஒரு துறையையே எழுப்பியவர் ஃபிரெடரிக் வில்லியம் மெய்ட்லண்ட் (1850–1906). அவர் கையாண்ட வழி இன்றும் சட்ட வரலாறு எழுதுவோரின் அடிப்படைப் பயிற்சியாக இருக்கிறது. அவர் எட்டிய முடிவுகளில் சில முக்கியமானவை இன்று நிற்கவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் கருத்து. சுருளைப் படிக்க அவருக்குக் கண் கொடுத்த வழக்கறிஞர் பயிற்சிதான், சுருளில் எழுதாமல் விட்டதை அவர் காணாதபடியும் செய்தது.

மெய்ட்லண்ட் லண்டனில் பிறந்தவர். தந்தைவழித் தாத்தா சாமுவேல் ராஃபி மெய்ட்லண்ட் இடைக்காலத்தைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர். தாய்வழித் தாத்தா ஜான் ஃபிரெடரிக் டேனியல், நம் பள்ளிப் பாடநூல்களில் வரும் டேனியல் மின்கலத்தை உருவாக்கியவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயையும், பதின்மூன்று வயதில் தந்தையையும் இழந்தவரைத் தாயின் சகோதரி வளர்த்தார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் தத்துவம் படித்து 1872இல் முதல் வகுப்பில் தேறினார். அங்கேயே ஆய்வாளராகத் தங்க 1875இல் எடுத்த முயற்சி தோற்றது. லண்டனுக்குத் திரும்பி, 1876இல் லிங்கன்ஸ் இன்னில் வழக்கறிஞராகப் பதிந்தார்.

நீதிமன்றத்தில் நின்று வாதாடுவதைவிட, நிலப் பத்திரங்கள் எழுதிச் சரிபார்க்கும் வேலையே அவருக்கு மிகுதியாக அமைந்தது. இந்த வேலையின் தன்மை நமக்கும் தெரியும். ஒரு மனையை வாங்குவதற்கு முன் வில்லங்கம் பார்க்கிறோம். இன்றைய கிரயப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போகிறோம். எங்கே பாத்தியதை மாறியது, எந்த ஷரத்து எதற்காக நுழைந்தது என்று ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்க்கிறோம். அன்றைய ஆங்கில நிலச் சட்டத்தில் பல நூற்றாண்டுப் பழைய சொற்கள் உயிரோடு புழங்கின. காரணம் மறைந்துபோன சடங்குகள் பத்திரத்தில் மட்டும் மிஞ்சியிருந்தன. இவை எங்கிருந்து வந்தன என்று கேட்ட இளம் வழக்கறிஞர், தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் பின்னால் நடக்கப் பழகினார். பின்னாளில் அவருடைய வரலாற்று முறையாக ஆனது இதுவே.

லிங்கன்ஸ் இன் இருக்கும் சான்சரி லேனிலேயே அரசு ஆவணக் காப்பகமும் இருந்தது. தொழில் செய்த வழக்கறிஞர்களில் அந்தப் பக்கம் போனவர் மிகச் சிலர். சுருள்களின் அருமையை மெய்ட்லண்டுக்கு அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர் ரஷ்யாவிலிருந்து வந்த வரலாற்றாளர் பால் வினோகிராடோஃப். இருவரும் 1884 தொடக்கத்தில் சந்தித்தார்கள். அதே ஆண்டு மெய்ட்லண்ட், க்ளாஸ்டர் மாவட்டத்தில் 1221இல் நடந்த குற்ற விசாரணைகளின் சுருளைப் பதிப்பித்து அதை வினோகிராடோஃபுக்கே காணிக்கையாக்கினார். அப்போது அவருக்கு வயது 34.

எத்தனையோ சுருள்கள் இருக்க, இந்தச் சுருளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? 1215இல் ரோமில் கூடிய நான்காம் லேட்டரன் திருச்சபைப் பேரவை, தெய்வச் சோதனைகளில் குருமார் பங்கேற்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்த வைப்பதும் நீரில் இறக்கிப் பார்ப்பதும் அதுவரை குற்றத்தைத் தீர்மானித்த வழிகள். குருவின் மந்திரம் இல்லாமல் அவை செல்லாது. அப்படியானால் இனிக் குற்றவாளி யார் என்று எப்படி முடிவு செய்வது? எந்தச் சட்டமும் விடை சொல்லவில்லை. ஆறு ஆண்டு கழித்து ரெடிங் மடத்தின் தலைவரும் சக நீதிபதிகளும் க்ளாஸ்டருக்கு வந்தபோது, அந்த வெற்றிடத்தில்தான் அமர்ந்து விசாரித்தார்கள். ஒருவனை ஊர்க்குழுவின் சொல்லுக்கு விடுகிறார்கள். இன்னொருவனை நாட்டைவிட்டுப் போகச் சொல்கிறார்கள். ஜூரி முறை யாரோ ஒருவர் திட்டமிட்டு இயற்றியதன்று, கைவசமிருந்த வழி அடைபட்டபோது நீதிபதிகள் தடவித் தடவிக் கண்ட வழி என்பது இந்தப் பதிவுகளில் வரிக்கு வரி தெரிகிறது. சட்ட நூல்களை மட்டும் படிப்பவருக்கு இது கிடைக்காது.

இதுவே மெய்ட்லண்ட் முறையின் முதல் வலிமை. சட்டம் என்பது எழுதிவைத்த விதி என்று கொள்ளாமல், நீதிமன்றத்தில் நடந்த செயல் என்று கொண்டார். வாதி என்ன கேட்டார், பிரதிவாதி எப்படித் தட்டினார், நீதிபதி எதை ஏற்றார் என்பவற்றிலிருந்து விதியை அவரே வருவித்தார்.

இரண்டாவது வலிமை, காலத்தைக் காலமாகப் பார்த்தது. 1888இல் கேம்பிரிட்ஜில் சட்டப் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது, இங்கிலாந்தின் சட்ட வரலாறு ஏன் இதுவரை எழுதப்படவில்லை என்பதையே தொடக்க உரையின் பொருளாக்கினார். வழக்கறிஞருக்கு வேண்டியது முன்தீர்ப்பு; அது எவ்வளவு புதிதோ அவ்வளவு பலம். வரலாற்றாளருக்கு வேண்டியது சான்று. அது நிகழ்வுக்கு எவ்வளவு நெருங்கியதோ அவ்வளவு பலம். பழைய தீர்ப்பைப் புதிய தேவைக்கு வளைத்துப் பொருள் கொள்வது வழக்கறிஞரின் கடமை. வரலாற்றாளர் அதைச் செய்தால் அது பிழை. இந்த வேறுபாட்டை அவர் அளவுக்குத் தெளிவாக வகுத்தவர் முன்பு இல்லை. சட்டக் கல்லூரியில் படித்த எவரும் இதை ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய தீர்ப்புகளை மேற்கோளாக அடுக்கிவிட்டாலே வரலாறு எழுதிவிட்டதாக எண்ணும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

காலத்தைக் காலமாகப் பார்த்ததன் பயனுக்கு 1305ஆம் ஆண்டு பார்லிமென்ட் நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் கூட்டத்தின் ஆவணங்களை மெய்ட்லண்ட் 1893இல் பதிப்பித்தார். மக்கள் பிரதிநிதிகளின் அவையாகவே பார்லிமென்ட் பிறந்து வளர்ந்தது என்று அதுவரை பலரும் நம்பினார்கள். ஆவணம் வேறொன்றைச் சொன்னது. மாவட்டங்களிலும் நகரங்களிலுமிருந்து வந்தவர்களை மூன்று வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் அரசரின் ஆலோசனைக் குழு உட்கார்ந்து குவிந்த மனுக்களை விசாரித்தது. எழுத்தர்கள் அதையும் பார்லிமென்ட் என்றே எழுதினார்கள். அன்றைய பார்லிமென்ட் பெரும்பகுதி ஒரு மனு விசாரணை மன்றம். இதைச் சொல்ல மெய்ட்லண்ட் யாரையும் தாக்கவில்லை. ஆவணத்தை முன்வைத்து, அன்று இருந்தவர்களுக்கு அந்தச் சொல் என்ன பொருள் தந்திருக்கும் என்று மட்டும் கேட்டார். அரசியல் வரலாற்றாளர்கள் அந்தக் கேள்வியிலிருந்து இன்றுவரை விலகவில்லை.

சர் ஃபிரெடரிக் பொல்லாக்கும் அவரும் சேர்ந்து 1895இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட, முதலாம் எட்வர்டுக்கு முற்பட்ட ஆங்கிலச் சட்ட வரலாறு இந்த முறையின் முழு வடிவம். அட்டையில் இருவர் பெயர் இருந்தாலும், ஆங்கிலோ-சாக்சன் சட்டம் பற்றிய இயல் பொல்லாக்குடையது. ஏறக்குறைய மற்றதெல்லாம் மெய்ட்லண்டின் எழுத்து. அதில் கட்டுண்ட குடியானவனைப் பற்றிய பகுதியை இன்றும் வியந்து படிக்கலாம். அடிமை என்றால் எல்லோருக்கும் அடிமை என்று நாம் எண்ணுவோம். அரச நீதிமன்றத்து வழக்குகளோ வேறு கணக்கு வைத்திருந்தன. தன் பிரபுவுக்கு எதிராக மட்டுமே அவன் உரிமையற்றவன். உலகில் மற்ற எவருக்கு எதிராகவும் சுதந்திர மனிதனைப் போலவே அவன் வழக்காட முடியும். அடிமைத்தனத்தை ஒரு மனிதனின் நிலையாகப் பார்க்காமல் இருவருக்கு இடையிலான உறவாகப் பார்த்தது அந்தச் சட்டம். பொருளாதாரம் மட்டும் அறிந்தவரோ, சட்டம் மட்டும் அறிந்தவரோ அந்த வழக்குகளிலிருந்து இதை எடுத்திருக்க முடியாது.

இனிக் குறைகளுக்கு வருவோம். மிகப் பெரிய குறையை ஒரே ஒரு வழக்கு வகையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் ஹென்றியின் காலத்தில், 1166ஐ ஒட்டி, புதிய ரிட் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. 'ரிட் போட்டிருக்கிறார்' என்று நம் செய்தித்தாள்கள் அன்றாடம் எழுதுகின்றனவே, அந்தச் சொல் அன்று அரச முத்திரை பொறித்த ஒரு சின்னத் தோல்துண்டைக் குறித்தது. நிலத்திலிருந்து அண்மையில் வெளியேற்றப்பட்டவர் அதை வாங்கி, ஊர்க்குழு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை கேட்கலாம். அரசர் கடைசியாக நார்மண்டிக்குக் கப்பலேறியதற்குப் பின், இன்னார் இன்னாரை 'அநியாயமாகவும் தீர்ப்பு இல்லாமலும்' நிலத்தைவிட்டு நீக்கினாரா? ஆம் என்றால் நிலம் திரும்ப வரும். யாருக்கு மேலான பாத்தியதை என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மெய்ட்லண்ட் இதை எப்படிப் படித்தார்? பாத்தியதை வேறு, சுவாதீனம் வேறு. உரியவனே ஆனாலும் சுவாதீனத்தில் இருப்பவனை வலுக்கட்டாயமாக வெளியேற்றக் கூடாது. இந்த ரோமச் சட்டச் சிந்தனையைத் திருச்சபைச் சட்டத்தின் வழியாக அரசர் எடுத்துக்கொண்டு, எவன் எவனை வெளியேற்றினாலும் பொருந்தும்படி ஒரு தீர்வு ஏற்படுத்தினார். அதனால் பிரபுக்களின் நீதிமன்ற அதிகாரத்தில் பெரிய வெட்டு விழுந்தது. இந்த வாசிப்பு வழக்கறிஞரின் காதுக்கு மிக இயல்பாக இருக்கும். நம் நாட்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 1963, 6ஆம் பிரிவும் இதே எண்ணத்தைத்தான் பேசுகிறது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தாவா போட்டால், எதிரி என்ன பாத்தியதை சொன்னாலும் சுவாதீனம் திரும்பக் கிடைக்கும். பத்திரம் எழுதிப் பழகிய மெய்ட்லண்டுக்கு இந்தப் பாகுபாடு கைப்பழக்கம். 1166இலும் அதையே கண்டார்.

பின்னாளைய சட்ட வரலாற்றாளர் எஸ். எஃப். சி. மில்சம் கேட்ட கேள்வி எளியது: 'தீர்ப்பு இல்லாமல்' என்றால் யாருடைய தீர்ப்பு? மெய்ட்லண்டின் 1895ஆம் ஆண்டு நூல் 1968இல் மறுபதிப்பானபோது எழுதிய முன்னுரையிலும், 1976இல் வெளியான ஆங்கில நிலமானியத்தின் சட்டக் கட்டமைப்பு பற்றிய நூலிலும் அவர் இதை விரித்தார். அந்தக் காலத்தில் நிலத்தை ஒருவன் கையில் ஒப்படைப்பவன் பிரபு. ஒப்படைத்தவன்தான் நீக்கவும் முடியும். ஆகவே இந்த ரிட்டின் முதல் எதிரி அக்கம்பக்கத்து அபகரிப்பாளன் இல்லை, பிரபுவே. தன் நீதிமன்றத்தில் முறையாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாமல் நிலத்தைப் பிடுங்கினானா என்பதே கேள்வி. அப்படியானால் அரசர் பிரபுவின் நீதிமன்றத்தை ஒழிக்கப் புறப்படவில்லை; உன் விதிப்படி நீயே நட என்று சொன்னார். நார்மண்டிக்குக் கப்பலேறிய தேதிகூட அப்போது பொருள்படுகிறது: அரசர் நாட்டில் இல்லாத வேளையில் பிரபு அத்துமீறினானா என்று பார்க்கும் ஏற்பாடு. பாத்தியதை, சுவாதீனம் என்ற பாகுபாடு பின்னாளில், பிரபுவின் அதிகாரம் தேய்ந்த பிறகு தங்கிய வண்டல்.

மெய்ட்லண்ட் அளவுக்குக் கவனமானவர் இங்கே ஏன் சறுக்கினார்? இன்று மிஞ்சியிருக்கும் அரச நீதிமன்றச் சுருள்கள் 1194இலிருந்து தொடங்குகின்றன. பிரபுக்களின் பண்ணை நீதிமன்றச் சுருள்கள் 1240களிலிருந்துதான் கிடைக்கின்றன. 1160களில் பிரபுவின் நீதிமன்றம் எதையும் எழுதி வைக்கவில்லை. அங்கே எல்லாம் வாய்ச்சொல். நிலத்தைப் பற்றிய முடிவுகளில் பெரும்பாலானவை எங்கே நடந்தனவோ, அந்த இடம் ஊமையாக நிற்கிறது. எழுதியது அரசரின் அலுவலகம்; ஆகவே அரசரின் கண்ணே வரலாற்றின் கண் ஆகிவிட்டது. பிரபுக்களின் நீதிமன்றச் சுருள்களைப் பதிப்பித்து 1889இல் வெளியிட்டவரும் மெய்ட்லண்ட்தான் என்பதை நினைத்தால் வருத்தம் கூடுகிறது. அந்த மன்றங்களை அவர் அறிவார். அவற்றுக்குச் சுருள் இல்லாத காலத்தில் அவற்றுக்கு இருந்த எடையை மட்டும் குறைத்து மதிப்பிட்டார். தெரிந்ததிலிருந்து பின்னோக்கி நடப்பவர், தெரிந்ததின் நிறத்தைக் கண்ணாடியாக அணிந்துகொண்டே நடக்கும் ஆபத்து உண்டு. தாய்ப்பத்திரத்தைத் தேடுபவர், தாய்ப்பத்திரமும் இன்றைய பத்திரத்தின் வடிவில்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துவிடுகிறார்.

இரண்டாவது குறை வேறு வகை. இங்கே அவர் தம் முறையைத் தாமே கைவிட்டார். இடைக்கால ஆங்கிலத் திருச்சபை நீதிமன்றங்களைப் போப்பின் சட்டம் கட்டுப்படுத்தவில்லை, உள்ளூரில் ஏற்றுக்கொண்ட அளவுக்கே அது செல்லும் என்று பிஷப் வில்லியம் ஸ்டப்ஸ் போன்ற பெரியவர்கள் கருதினார்கள். 1898இல் வந்த நூலில் மெய்ட்லண்ட் இதை மறுத்தார். பதினைந்தாம் நூற்றாண்டுத் திருச்சபைச் சட்ட அறிஞர் வில்லியம் லிண்ட்வுட்டின் நூலைத் துருவி, போப்பின் சட்டம் அங்கே முழுமையாகக் கட்டுப்படுத்தியது என்று நிறுவினார். வாதம் கூர்மையானது, பெரும்பாலோர் ஏற்றார்கள். ஆனால் அவர் நம்பியது ஒரு பாடநூலை. திருச்சபை நீதிமன்றங்களின் வழக்குக் கட்டுகளை அவர் விரித்துப் பார்க்கவில்லை. சார்ல்ஸ் டோனஹ்யூ 1974இல் யார்க் நீதிமன்றப் பதிவுகளைக் கொண்டு இதை மீண்டும் ஆராய்ந்தபோது, இரு தரப்புமே முழுச் சரியில்லை என்று தெரிந்தது. கோட்பாட்டில் போப்பின் சட்டம் மேலானது. நடப்பில் உள்ளூர் வழக்கத்துக்கும் கணிசமான இடம் இருந்தது. சட்டம் என்பது நீதிமன்றத்தில் நடந்ததே என்று சொன்னவர், இந்த ஓர் இடத்தில் நூலில் எழுதியதையே சட்டம் என்று கொண்டார்.

1897இல் வந்த டூம்ஸ்டே நூல் பற்றிய ஆய்வில் இன்னொரு வகைத் துணிச்சல் தெரிகிறது. 1086இல் எடுத்த நிலக் கணக்கிலிருந்து பின்னோக்கி ஆங்கிலோ-சாக்சன் காலத்துக்குப் போக முயன்றார். அதில் வரும் 'மேனர்' என்ற சொல்லுக்கு வரி வசூலிக்கும் வீடு என்று சட்ட நுட்பமான பொருள் ஒன்றைக் கண்டார். நகரங்கள் அரண்காவல் ஏற்பாட்டிலிருந்து எழுந்தன என்றார். ஜேம்ஸ் டெய்ட் இரண்டையும் உடனே மறுத்தார், இரண்டும் நிலைக்கவில்லை. அரைகுறைக் கணக்கேட்டில் இல்லாத ஒழுங்கை வழக்கறிஞரின் தர்க்கம் நிரப்பிவிட்டது. ஆங்கிலோ-சாக்சன் அரசின் சட்ட ஆற்றலை மொத்தத்தில் அவர் குறைவாக எடை போட்டதையும், 1999இல் பெருநூல் எழுதிய பேட்ரிக் வோர்மல்ட் வலுவாகக் காட்டினார். ஹென்றியின் சீர்திருத்தங்கள் வெறும் தரையில் எழவில்லை. அடியில் பழைய அரசு போட்ட அடித்தளம் இருந்தது.

பிராக்டன் விஷயத்தில் வெற்றியும் திருத்தமும் ஒன்றாகவே நிற்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரும் சட்ட நூல் அவர் பெயரில் வழங்குகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் பெயரில்லாமல் இருந்த கையெழுத்துச் சுவடி ஒன்று அவருடைய குறிப்பேடாக இருக்கலாம் என்று வினோகிராடோஃப் 1884இல் ஊகித்தார். சுமார் 2,000 வழக்குகள் கொண்ட அந்தச் சுவடியை மெய்ட்லண்ட் எழுத்தெழுத்தாகப் பெயர்த்தார். ஓரத்துக் குறிப்புகளைச் சட்ட நூலோடு ஒப்பிட்டு ஊகத்துக்கு வலுச் சேர்த்தார். 1887இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பின்னாளில் சாமுவேல் தோர்ன், நூலின் பெரும்பகுதி பிராக்டனுக்கு முந்தைய நீதிபதிகளின் எழுத்தர் வட்டத்தில் உருவானது, பிராக்டன் அதைத் திருத்தி வளர்த்தவர்களில் ஒருவரே என்று காட்டினார். ஆசிரியர் பற்றிய கதை மாறியது. 2,000 வழக்குகள் மாறவில்லை. தோர்ன் தம் வாதத்தை எழுப்பியதும் மெய்ட்லண்ட் திறந்துவைத்த பொருளின்மேல்தான்.

மில்சமின் திருத்தமும் கடைசிச் சொல்லன்று. ஜான் ஹட்சன், பால் பிராண்ட் போன்றோர், அரசரின் கை பிரபுவின் மன்றத்துக்கு மேல் முன்பே நீண்டிருந்தது, மில்சம் பிரபுவின் உலகை அளவுக்கு மீறித் தன்னிறைவானதாகக் காட்டினார் என்று சான்றுகளோடு எழுதியிருக்கிறார்கள். தராசு சற்றே மெய்ட்லண்ட் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆனாலும் மில்சமுக்குப் பின், 'தீர்ப்பு இல்லாமல்' என்ற சொற்களைப் படிப்பவர் எவரும் யாருடைய தீர்ப்பு என்று கேட்காமல் நகர முடியாது. இந்தக் கேள்விகூட, சொல்லுக்கு அன்று என்ன பொருள் என்று கேட்கச் சொன்ன மெய்ட்லண்டின் பள்ளியில் கற்றதுதான்.

அவருடைய உழைப்பின் கடைசிக் காட்சி எனக்கு எப்போதும் நெஞ்சில் நிற்பது. 1898 முதல் நோய் முற்றியதால் இங்கிலாந்தின் குளிரைத் தாங்க முடியாமல் குளிர்காலங்களைக் கானரித் தீவுகளில் கழித்தார். அந்தக் கடைசி ஆண்டுகளில், இரண்டாம் எட்வர்டு காலத்து வழக்கறிஞர் குறிப்புகளைப் பதிப்பிக்கத் தொடங்கினார். அவை நீதிமன்றத்தில் பேசிய ஃபிரெஞ்சில் இருந்தன. அதற்கு ஒழுங்கான இலக்கணம் இல்லை. அவரே அந்த மொழியின் வடிவங்களைத் தொகுத்து 1903இல் வந்த முதல் தொகுதியின் முன்னுரையில் இலக்கணமாக எழுதினார். அதிகாரபூர்வச் சுருள் முடிவை மட்டும் சொல்லும். இந்தக் குறிப்புகளில் வழக்கறிஞரும் நீதிபதியும் குறுக்கிட்டுப் பேசுவது கேட்கும். சுருளில் எழுதாததைத் தேடிப் போகும் வழியில் அவர் அப்போது அடி எடுத்து வைத்திருந்தார். 1902இல் வரலாற்றுத் துறையின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் ஏற்கவில்லை. 1906 டிசம்பர் 19 அன்று லாஸ் பால்மாஸில் நிமோனியாவால் இறந்தார். வயது 56.

முறையை அது தந்த முடிவுகளைக் கொண்டு மட்டும் அளந்தால் மெய்ட்லண்டுக்கு நியாயம் செய்தவர்களாக மாட்டோம். முடிவுகளை மறந்து முறையை மட்டும் புகழ்ந்தாலும் அவரைப் படித்தவர்களாக மாட்டோம். ஆவணம் இருக்கும் இடத்தில் அவரைப் போல் படித்தவர் இல்லை. ஆவணம் இல்லாத இடத்தில் அவரை நம்பாமல் கேள்வி கேட்க வேண்டும். நீதிமன்றப் பதிவுகளிலிருந்து வரலாறு எழுதப் புகும் இளைஞர்கள் அவருடைய 1895ஆம் ஆண்டு நூலை மில்சமின் முன்னுரையோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் முன்னும் இரண்டு கேள்விகளை வைக்க வேண்டும்: இதை எழுதியவர் யாருடைய சம்பளம் வாங்கினார்? எழுத்தர் இல்லாத எந்த மன்றத்தில் இந்த வழக்கு முதலில் பேசப்பட்டிருக்கும்?

சுருள்களை அச்சிடுவதற்காக 1887இல் தொடங்கிய செல்டன் சங்கத்துக்கு அவர் உயிருள்ளவரை இலக்கிய இயக்குநராக இருந்தார். அந்தச் சங்கத்தின் தொகுதிகள் இன்று நூற்றைத் தாண்டிவிட்டன. அவரைத் திருத்துவதற்கு வேண்டிய சான்றுகளும் அவற்றில்தான் அச்சாகி வருகின்றன.